பக்கத்து ஊரில் இருக்கும், நம் ஊரில் இருக்காது: பெட்ரோல் தட்டுப்பாட்டு நாட்களைக் கடக்க முழுமையான வழிகாட்டி

பங்க் வாசலில் கயிறு கட்டி "ஸ்டாக் இல்லை" என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுத்த பங்க்கில் சாலை வளைவைத் தாண்டியும் வண்டிகள் நிற்கின்றன. இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரிலோ வழக்கம்போல் போட்டுக்கொண்டு போகிறார்கள். நாட்டில் பெட்ரோலே தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. ஒரு வட்டாரத்தில் மட்டும் தட்டுப்பாடு வருகிறது என்றால், பெட்ரோல் எங்கேயோ இருக்கிறது, நம்மிடம் வந்து சேரும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோலே இல்லை என்று நினைக்கிறவர் கிடைத்ததையெல்லாம் பதுக்கப் பார்ப்பார். வழி அடைபட்டிருக்கிறது, சில நாட்களில் திறக்கும் என்று தெரிந்தவர் அந்தச் சில நாட்களைக் கணக்குப் போட்டுக் கடப்பார். அப்படிக் கணக்குப் போட உதவுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிகள் வரிசையாக இருந்தாலும், ஏற்கெனவே தட்டுப்பாடு வந்துவிட்டது என்றால் மூன்றாம் படிக்கு நேராகப் போய்விடுங்கள். கேனில் பெட்ரோல் வாங்கும் எண்ணம் இருந்தால், வேறு எதைப் படிக்காவிட்டாலும் ஆறாம் படியைப் படித்துவிடுங்கள்.

முதல் படி: எந்தக் கண்ணி அறுந்தது என்று பாருங்கள்

பெட்ரோல் வரும் வழி ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி. கச்சா எண்ணெயைப் பெட்ரோலாக்கும் சுத்திகரிப்பு ஆலை, அங்கிருந்து பைப்லைன், கப்பல் அல்லது ரயில், வட்டாரத்துக்கான சேமிப்புக் கிடங்கான டிப்போ, டிப்போவிலிருந்து டேங்கர் லாரி, கடைசியாகப் பங்க்கின் நிலத்தடித் தொட்டி. எது அறுந்தாலும் வரிசையின் கடைசியில் நிற்கும் நமக்குத் தெரிவது காலி பம்பு மட்டும்தான். ஆனால் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது அறுந்த கண்ணியைப் பொறுத்தது. ஆகவே செய்தியில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

லாரி நின்றால் தட்டுப்பாடு சட்டென்று வரும், சட்டென்று போகும். 2024 ஜனவரி 1, 2 தேதிகளில் இந்தியாவில் விபத்து வழக்குகளுக்கான புதிய தண்டனைப் பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பல நகரங்களில் பங்க்குகளில் நீண்ட வரிசை. சண்டிகரில் இரு சக்கர வண்டிக்கு 2 லிட்டர், நான்கு சக்கர வண்டிக்கு 5 லிட்டர் என்று வரம்பு போட்டார்கள். 2-ஆம் தேதி இரவு பேச்சுவார்த்தையில் போராட்டம் தணிந்ததும் நிலைமை சீராகத் தொடங்கியது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் டேங்கர் ஓட்டுநர்கள் போதவில்லை. டிப்போக்களில் பெட்ரோல் இருந்தது, எடுத்துவரத்தான் ஆள் இல்லை. அக்டோபர் 4-ஆம் தேதி ராணுவ வீரர்களை டேங்கர் ஓட்ட இறக்கினார்கள்.

பைப்லைன் நின்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் டெக்சாஸிலிருந்து நியூயார்க் துறைமுகப் பகுதி வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளமுள்ள வலைப்பின்னல். கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதம் அதில்தான் போகிறது. 2021 மே 7 அன்று கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் தாக்குதல் நடந்ததும், நிறுவனம் முன்னெச்சரிக்கையாகப் பைப்லைனையே நிறுத்தியது. மே 12 மாலையில் மறுபடி திறந்தார்கள். ஆனால் பங்க்குகள் அன்றே நிரம்பவில்லை. பைப்லைனுக்குள் பெட்ரோல் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும், அதாவது ஒரு மனிதன் நடக்கிற வேகம், கொஞ்சம் ஓடினால் எட்டுகிற வேகம். "திறந்துவிட்டார்கள்" என்ற செய்திக்கும் உங்கள் பங்க்குக்கும் நடுவே அந்த நடை தூரம் இருக்கிறது.

மின்சாரம் போனால் இன்னொரு விதமான வேதனை. தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருக்கும், மேலே இழுக்க மோட்டார் ஓடாது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் கரை கடந்த பிறகு நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் இதுதான் நடந்தது. டிப்போக்களும் பங்க்குகளும் கரண்ட் இல்லாமல் நின்றன. நியூ ஜெர்சியின் 12 மாவட்டங்களில் ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று முறை வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் நியூயார்க் நகரமும் அதே வழிக்கு வந்தது. புயல் எச்சரிக்கை வரும்போது "டேங்கர் வருமா" என்று கேட்பதோடு, "எந்தப் பங்க்கில் ஜெனரேட்டர் இருக்கிறது" என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பு ஆலை நின்றால், அந்த வட்டாரம் எவ்வளவு தனித்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியா தன் காற்று மாசைக் குறைக்கத் தனிக் கலவை பெட்ரோலைத்தான் ஏற்கும். மெக்சிகோ வளைகுடாக் கரையின் பெரிய ஆலைகளிலிருந்து அங்கே பெட்ரோல் பைப்லைனும் கிடையாது. 2015 பிப்ரவரியில் டாரன்ஸ் ஆலையில் வெடிவிபத்து நடந்தபோது அந்த மாநிலத்தில் விலை ஏறியது அதனால்தான்: மாற்றுச் சரக்கு கடல் வழியே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஒரே பாதையை நம்பியிருக்கும் இடங்களுக்கும் இதே கதி. நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த நேபாளத்துக்கு இந்திய எல்லை வழியாகத்தான் எரிபொருள். 2015 செப்டம்பரில் எல்லைச் சாவடிகள் அடைபட்டபோது, 2016 பிப்ரவரி வரை அந்த மக்கள் தவித்தார்கள்.

எல்லாவற்றிலும் நீளமானது, வாங்கப் பணமே இல்லாமல் போவது. 2022-இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றியதால் கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் என்று விற்பனையைச் சுருக்கினார்கள். பிறகு கியூஆர் முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்ற அளவில் தொடங்கி, 2023 செப்டம்பரில்தான் அந்த முறையை விலக்கிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட தட்டுப்பாட்டில் "நாளை சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. வாழ்க்கை முறையையே மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.

சரி, அரசாங்கம் சேமித்து வைத்திருக்கிறதே, அதைத் திறந்துவிட்டால் என்ன? 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்த அனுபவத்துக்குப் பிறகு, அமெரிக்கா 1975-இல் சட்டம் போட்டு டெக்சாஸ், லூசியானா உப்புக் குகைகளில் எண்ணெய் சேர்த்தது. ஆனால் அது கச்சா எண்ணெய். பைப்லைன் உடைந்த ஊருக்கும் லாரி வராத பங்க்குக்கும் கச்சா எண்ணெய் உதவாது. சாண்டி புயலுக்குப் பிறகு வடகிழக்கு மாநிலங்களுக்கென்று 10 லட்சம் பீப்பாய் பெட்ரோலைத் தனியாக வைத்தார்கள். 2024-இல் அதையும் விற்றுவிட்டார்கள். ஆகவே "இருப்பு திறக்கப்படும்" என்ற செய்தி வந்தால், அது எந்த எண்ணெய், எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: வரிசை எப்படிப் பிறக்கிறது என்று ஒரு தடவை கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் 10,000 கார்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு 3 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். ஊருக்கு ஒரு நாளைக்கு 30,000 லிட்டர் போதும். 20,000 லிட்டர் டேங்கர் என்றால் ஒன்றரை லோடு. ஒரு காரின் டேங்க் 40 லிட்டர் பிடிக்கும், எந்த நேரத்திலும் சராசரியாகப் பாதி இருக்கும்.

இப்போது மாலை ஆறு மணிக்கு ஒரு வதந்தி. பாதிக் கார்கள், 5,000, வெளியே வந்து காலியாக இருக்கும் பாதியை நிரப்புகின்றன. 20 லிட்டர் வீதம் ஒரு லட்சம் லிட்டர். மூன்று நாளுக்கும் மேலான விற்பனை ஒரே இரவில் போய்விட்டது. ஐந்து லோடு வேண்டும், வருவது ஒன்றரை. மறுநாள் காலையில் அட்டை தொங்குகிறது.

அந்த இரவில் யாரும் கூடுதலாக ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. ஊரில் இருந்த பெட்ரோலின் அளவும் குறையவில்லை. நிலத்தடித் தொட்டியில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். ஏற்கெனவே பாதி டேங்க் வைத்திருந்தவர், கூடுதலாக நிரப்பிய அந்த 20 லிட்டர் இல்லாமலே ஆறு நாள் ஓட்டியிருக்கலாம். அன்று காலியாக இருந்த ஒரு செவிலியருக்குக் காலை ஷிப்டுக்குப் போக இரண்டு லிட்டர் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கை நான் பலருக்கும் போட்டுக் காட்டுகிறேன். எவ்வளவு பெரிய நிறுவனமும் எந்த அரசும் ஒரே இரவில் மூன்று மடங்குக்கும் மேல் லோடு கொண்டுவந்து இறக்க முடியாது, அதற்கு லாரியும் கிடையாது, ஓட்டுநரும் கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. முக்கால் டேங்க் இருக்கும்போதே வந்து 8 லிட்டர் போடுகிறவருக்கும் 30 லிட்டர் போடுகிறவருக்கும் பம்பில் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்: வண்டியை நகர்த்த, மூடியைத் திறக்க, பணம் கொடுக்க. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வந்தால் வரிசை மூன்று நான்கு மடங்காகும். 1979-இல் அமெரிக்காவின் சில மாநிலங்கள் "இதற்குக் குறைவாக வாங்கக் கூடாது" என்று கீழ் வரம்பு வைத்தது இதற்காகத்தான். அதிகமாக வாங்காதே என்பது மட்டும் கட்டுப்பாடு அல்ல. டேங்க் நிறைய இருந்தால் வராதே என்பதும் கட்டுப்பாடுதான்.

மூன்றாம் படி: உங்கள் டேங்க்கை நாட்களாக மாற்றுங்கள்

"பாதி டேங்க் இருக்கிறது" என்பதற்கு அர்த்தமே இல்லை. "ஒன்பது நாள் இருக்கிறது" என்றால் அர்த்தம் உண்டு. உங்கள் வண்டி உண்மையில் கொடுக்கும் மைலேஜை எடுத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் சொன்னதை விட்டுவிடுங்கள். வரிசையிலும் நெரிசலிலும் ஓடப்போகிறது என்பதால் அதிலும் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறைத்த பிறகு லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டேங்க்கில் 18 லிட்டர், அடியில் 4 லிட்டரைத் தொடுவதில்லை என்று முடிவு. மீதி 14 லிட்டர், 210 கிலோமீட்டர்.

அடியில் ஏன் மிச்சம் வைக்க வேண்டும்? பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெரும்பாலான கார்களில் பம்பு டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது, அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. வறண்டு ஓடவிட்டால் பம்பு கெடும். தட்டுப்பாட்டு நாளில் நடுச்சாலையில் பம்பும் போனால், பெட்ரோலோடு மெக்கானிக்கையும் தேட வேண்டும். அதைவிட முக்கியமான காரணம், ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அந்த 4 லிட்டர் வேண்டும்.

அடுத்து, வரும் பத்து நாளில் போக வேண்டிய இடங்களை எழுதுங்கள். மூன்று வகையாகப் பிரியுங்கள். தள்ளவே முடியாதவை: வேலை, சிகிச்சை, தேர்வு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் பொதுவாக வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டும், ஒன்றைக்கூடத் தள்ள முடியாது. அந்தத் தூரத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். இரண்டாவது, சேர்த்துச் செய்யக்கூடியவை: கடை, வங்கி, மருந்து. மூன்றாவது, தள்ளிப்போடக்கூடியவை. எழுதிப் பார்த்தால்தான் மூன்றாவது பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் இரண்டு பட்டியலின் தூரத்தை நாள் வாரியாகக் கூட்டி, கையில் இருக்கும் கிலோமீட்டர் எத்தனை நாள் வரும் என்று பாருங்கள். கணக்கில் ஏழு நாளுக்கு மேல் வந்தால் இன்று பங்க் பக்கமே போகாதீர்கள். மூன்று நாளுக்குக் கீழே வந்தால் நாளை காலைக்குத் திட்டமிடுங்கள்.

நான்காம் படி: போடப் போகும்போது

முதலில் போன் செய்யுங்கள். பங்க் பங்க்காகத் தேடி அலைந்து இரண்டு லிட்டரைச் செலவழித்து ஐந்து லிட்டர் வாங்குவது வீண். டிப்போவுக்கு அருகிலும் முக்கிய நெடுஞ்சாலையிலும் இருக்கும் பங்க்குகளுக்கு லோடு முன்னால் வரும் வாய்ப்பு அதிகம். வழக்கமாக எந்த நேரத்துக்கு டேங்கர் வரும் என்று பம்பில் நிற்கும் பையனுக்கே தெரியும், மரியாதையாகக் கேட்டால் சொல்வார்.

லோடு வந்ததும் நடப்பதை ஒரு முறை நின்று பாருங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து, அளவு குறித்த நீளமான கம்பியை உள்ளே விடுகிறார்கள். கம்பியின் நுனியில் ஒரு பசை தடவியிருப்பார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் அது நிறம் மாறிவிடும். கம்பியை வெளியே எடுத்து ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். லாரியிலிருந்து மண்ணுக்கு ஒயர் இழுத்து நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் குழாயை மாட்டுகிறார்கள். இறக்கி முடிந்ததும் மறுபடி கம்பி. இத்தனைக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "லாரி வந்துவிட்டதே, இன்னும் ஏன் போடவில்லை" என்று வரிசையில் சத்தம் போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அவசரப்படுத்துவது ஆபத்தை அவசரப்படுத்துவதுதான்.

பெட்ரோல் விழும்போது தொட்டியின் அடியில் இருக்கும் வண்டலும் கலங்கும். பம்பில் வடிகட்டி இருக்கிறது என்றாலும், முடிந்தால் முதல் வண்டியாக நிற்காமல் கொஞ்சம் பிந்திப் போடுவது நல்லது.

வரிசையில் எஞ்சினை அணைத்துவிடுங்கள். சிறிய கார்கூடச் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். நாசில் ஒரு தடவை தானாக நின்றதும் போதும், விளிம்பு வரை அழுத்தி நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரியும், ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டரும் கெடும். ஆக்டேன் எண் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் எண்) விஷயத்தில், வண்டிக்குத் தேவையானதைவிட உயர்ந்தது மட்டும்தான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். குறைந்ததைப் போட வேண்டி வந்தால் எஞ்சினில் தட்டும் சத்தம் வருகிறதா என்று கவனித்து மெதுவாக ஓட்டுங்கள். டீசலைப் பெட்ரோல் வண்டியில் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். களைத்துப்போன நாளில் இந்தத் தவறு சுலபமாக நடக்கிறது.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு, பால் வண்டி வந்தால் வழிவிடச் சொல்லி வரிசையில் நீங்களே முதலில் பேசுங்கள். ஒருவர் பேசினால் பெரும்பாலும் மற்றவர்களும் ஒதுங்குவார்கள். யாரும் பேசாததால்தான் பல இடங்களில் சண்டை வருகிறது.

ஐந்தாம் படி: இருப்பதை நீட்டி ஓட்டுங்கள்

இங்கே நிறைய நுணுக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து மூன்றுதான் கணிசமாகப் பலன் தரும். ஒன்று, கால். திடீரென்று மிதிப்பது, திடீரென்று பிரேக் போடுவது இரண்டையும் விட்டாலே நகர ஓட்டத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல் மிச்சமாகும். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிகிறபோதே காலை எடுத்துவிடுங்கள்.

இரண்டு, வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போவதற்கும் 110-இல் போவதற்கும் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாதீர்கள். கூரைமேல் பெட்டி இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், அதுவும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறது.

மூன்று, பயணங்களைச் சேர்ப்பது. குளிர்ந்த எஞ்சின் முதல் சில கிலோமீட்டருக்குக் கூடுதலாகக் குடிக்கும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று மூன்று குட்டிப் பயணங்கள் போவதைவிட ஒரே சுற்றில் முடிப்பது தூரத்தையும் குறைக்கும், எஞ்சின் சூட்டையும் பயன்படுத்தும். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மிச்சம் சிறிதுதான், ஆனால் செலவில்லாத மிச்சம். இவற்றுக்கு மேல் ஒன்று உண்டு: ஒரே திசையில் போகும் இருவர் ஒரு வண்டியில் போவது. அதற்கு ஈடான சிக்கனம் எந்த ஓட்டுநர் திறமையிலும் இல்லை.

ஆறாம் படி: கேனில் வைப்பதற்கு முன்

இந்தப் படியில்தான் மனிதர்கள் உயிரை விடுகிறார்கள். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

எரிவது திரவமாக இருக்கும் பெட்ரோல் அல்ல, அதன் ஆவிதான். கடுங்குளிரில், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கில் நுழைந்து, அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் போகும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 2012 மார்ச்சில் பிரிட்டனில் டேங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் வரலாம் என்று பேச்சு எழுந்தது. மக்கள் கேனில் சேமிக்கத் தொடங்கினார்கள். யார்க் நகரில் ஒரு பெண் சமையலறையில் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோல் மாற்றினார். பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆவி பற்றிக்கொண்டு கடுமையான தீக்காயம். அந்த வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை.

2021 மே மாதம் கலோனியல் பைப்லைன் நின்றபோது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் "பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் நிரப்பாதீர்கள்" என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. பயம் வந்தால் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லை. தண்ணீர் பாட்டில், பால் கேன், பெயின்ட் டப்பா எதுவும் கூடாது. சில பிளாஸ்டிக் இளகிவிடும், சிலவற்றில் நிலைமின்சாரம் சேரும், எதிலும் மூடி ஆவியைத் தாங்காது.

கட்டாயம் வேண்டும் என்றால், எரிபொருளுக்கென்றே செய்த கேன் ஒன்று வாங்குங்கள். எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு, உதாரணமாகப் பிரிட்டனில் வீட்டில் 30 லிட்டர் வரை. கேனில் ஊற்றவே தடை உள்ள இடங்களும் இருக்கின்றன. முதலில் அதை விசாரியுங்கள். நிரப்பும்போது கேனைத் தரையில் வையுங்கள். வண்டியின் டிக்கியிலோ இருக்கையிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்க வழியில்லை. நாசில் கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். மெதுவாக ஊற்றுங்கள், ஐந்து சதவீத இடம் விடுங்கள். வீட்டுக்குள்ளும் மாடிப்படிக்குக் கீழும் வேண்டாம். வீட்டோடு ஒட்டாத, காற்றோட்டமான, நிழலான, குழந்தைகள் எட்டாத இடம். கேன்மேல் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள் வண்டியில் ஊற்றிவிடுங்கள், எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்தது என்றால் இன்னும் சீக்கிரமாக.

ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு எடுக்க வாயால் குழாயை உறிஞ்சும் பழக்கம் இருக்கிறது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்தான அழற்சி வரும். கை பம்பு வாங்குங்கள். தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது மறுபடி மூச்சுக்குழாயில் இறங்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏழாம் படி: ஜெனரேட்டரா, வண்டியா என்று முடிவெடுங்கள்

புயல் கொண்டுவரும் தட்டுப்பாட்டில் இரண்டும் ஒரே பெட்ரோலுக்குப் போட்டி போடும். சிறிய ஜெனரேட்டர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். இரவு முழுக்க ஓட்டினால் இரண்டு மூன்று நாள் பயணத்துக்கான பெட்ரோல் போய்விடும். குளிர்சாதனப் பெட்டிக்காக விடாமல் ஓட்ட வேண்டியதில்லை: கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிர் பிடிக்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் வரை. அவ்வப்போது ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். இன்சுலின், மூச்சுக் கருவி உள்ள வீட்டில் மட்டும் கணக்கு வேறு. அங்கே ஜெனரேட்டருக்குத்தான் முதல் உரிமை.

ஜெனரேட்டர் வெளியே, கதவு ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மழைக்காக வராந்தாவுக்குள் இழுத்து வைத்துவிட்டுத் தூங்கிய குடும்பங்கள் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள்.

எட்டாம் படி: ஓரத்தில் விற்கும் பெட்ரோல்

தட்டுப்பாடு நீண்டால் பாட்டிலில் விற்கத் தொடங்குவார்கள். வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். மண்ணெண்ணெயோ தின்னரோ கலந்திருக்கலாம், தண்ணீர் இருக்கலாம். வேறு வழியே இல்லாமல் வாங்க நேர்ந்தால் இரண்டு சோதனை. வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் சில நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்தது எண்ணெய்த் தடம் விடும். கொஞ்சத்தைத் தெளிவான கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். வெள்ளம் வந்த பகுதியில் பங்க்கில் போட்டதையும் இப்படிப் பார்ப்பது நல்லது. இவை முரட்டுச் சோதனைகள்தான். தேறினால் தரமானது என்று உறுதியில்லை, தேறாவிட்டால் ஊற்றக் கூடாது என்பது மட்டும் உறுதி.

ஒன்பதாம் படி: லோடு வரத் தொடங்கியதும்

முதல் டேங்கர் வந்த செய்தி கேட்டதும் ஓடுவதுதான் தட்டுப்பாட்டை இன்னும் ஒரு வாரம் நீட்டுகிறது. டிப்போ நிரம்ப வேண்டும், லாரிகள் சுற்று வர வேண்டும், ஒவ்வொரு பங்க்கின் தொட்டியும் அடியிலிருந்து ஏற வேண்டும். மூன்றாம் படியில் போட்ட கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். நாலு நாள் மிச்சம் இருக்கிறது என்றால் இரண்டு நாள் கழித்துப் போங்கள், அதற்குள் காலி டேங்க்கோடு நிற்பவர்களுக்குக் கிடைத்துவிடும். வரிசை இல்லாமல் ஐந்து நிமிடத்தில் போட்டுக்கொண்டு வரலாம்.

கேனில் வைத்ததை முதலில் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள், கிணற்றுத் தண்ணீர் வரை போகும். காலி கேனுக்குள்ளும் ஆவி நிற்கும், நிறைந்த கேனைப் போலவே அதையும் நெருப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அப்புறம் டேங்க் நிரம்பியதும், அடுத்த முறை முள் பாதிக்கு இறங்கும்போதே போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு வாருங்கள். எல்லாம் சீராக இருக்கும் நாளில் அப்படிப் போடுவதால் யாருக்கும் குறைவதில்லை. அடுத்த வதந்தி கிளம்பும் மாலையில் நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம், வரிசையில் ஒரு வண்டி குறையும்.